பில்லி ஹாலிடேயும் அவராக நடித்த பாடகிகளும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்கு விடை எழுதும்போது, 1972இல் வெளிவந்த ‘லேடி சிங்ஸ் த ப்ளூஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் வேடத்தைப் பாப் பாடகி டயானா ராஸ் ஏற்றிருந்ததை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரி இத்தனை கடிதங்களைக் கொண்டுவரும் என்று நான் நினைக்கவில்லை. எனவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அந்தப் படத்தில் டயானா ராஸ் பில்லி ஹாலிடேயின் பழைய இசைத்தட்டுகளுக்கு வாயசைத்தாரா, அல்லது தாமே பாடினாரா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அத்தனை பாடல்களையும் அவரே பாடினார். பின்னணிப் பாடல் மரபில் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஹாலிவுட்டிலும் வேறு வழியில் எடுத்த படங்கள் உண்டு. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பற்றி 1988இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய ‘பேர்ட்’ படத்தில், பார்க்கரின் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவருடைய வாசிப்பை மட்டும் பிரித்தெடுத்து, புதிய பக்கவாத்தியங்களோடு சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். நடிகர் ஃபாரஸ்ட் விட்டேக்கர் விரலசைவையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டார். டயானா ராஸுக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. உலகமே இசைத்தட்டில் கேட்டிருந்த ஒரு குரலின் இடத்தில் தம் குரலை வைக்க வேண்டியிருந்தது.

அவர் அந்தக் குரலைப் போலிசெய்ய முயலவில்லை. என் கணிப்பில், படத்தைக் காப்பாற்றிய முடிவு அதுதான். மிமிக்ரி மேடைகளில் பில்லி ஹாலிடேயைப் பாடிக் காட்டுபவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அந்தக் கரகரப்பையும், சொல்லின் கடைசி எழுத்தை வளைத்து இறக்கும் பாணியையும்தான். ராஸ் அவற்றை ஏறக்குறைய விட்டுவிட்டு, பில்லி சொற்களைத் தாளத்தின் மேல் எங்கே வைத்தார் என்பதை மட்டும் கற்றுக்கொண்டார். பில்லி ஹாலிடேயின் கலை முழுவதும் அந்த ‘எங்கே’ என்பதில்தான் இருக்கிறது. தாள அடி விழுந்த பிறகு, அதைப் பொருட்படுத்தாதவர் போலச் சற்றுத் தாமதித்துச் சொல்லைத் தொடங்குவார். வரியின் நடுவில் விரைந்து, இறுதியில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். கர்நாடக இசை அறிந்த வாசகர்களுக்கு இதை அனாகத எடுப்பு (தாளம் தொடங்கிய பிறகு பாடல் தொடங்குவது) என்று சொல்லி விளக்கிவிடத் தோன்றுகிறது. ஆனால் நம்முடைய எடுப்பு கணக்கில் நிற்பது, பாடல் முழுவதும் மாறாதது. இவருடைய தாமதமோ ஒவ்வொரு வரியிலும், ஒவ்வொரு இரவிலும் வேறுவேறு. குரலின் வீச்சு ஏறக்குறைய ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும் அளவுதான். அந்தக் குறுகிய இடத்துக்குள் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் செய்வதை அவர் தொண்டையால் செய்தார்.

கேள்வி: துள்ளலான பாப் பாட்டுக்குப் பெயர்போன ஒருவரை ஜாஸ் மேதையின் வேடத்துக்கு எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? எதிர்ப்பு எழவில்லையா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. டயானா ராஸ் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் உருவாக்கிய ‘த சுப்ரீம்ஸ்’ குழுவின் முதன்மைப் பாடகி. அக்குழுவின் பாடல்களில் 12, அமெரிக்கப் பாடல் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தவை. மோட்டவுன் பாடல் என்றாலே அடி பிசகாத தாளம். டாம்பரின் ஒலி விழும் இடத்திலேயே சொல்லும் விழ வேண்டும். 1970 ஜனவரியில் குழுவை விட்டு வெளியேறித் தனிப் பாடகியான அவர், அதுவரை ஒரு முழுநீளத் திரைப்படத்தில் முக்கிய வேடம் ஏற்றவர் அல்லர். மெலிந்த உடல், மின்னும் உடைகள், விளம்பரப் புகைப்படப் புன்னகை என்றிருந்தவரை, பால்டிமோர் சந்துகளில் வளர்ந்து, பருத்த உடலோடு கூந்தலில் கார்டினியா மலர் சூடி நின்ற பெண்ணாக ஜாஸ் ரசிகர்களால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

மோட்டவுனின் அதிபர் பெரி கார்டி தம் பாடகியைத் திரை நட்சத்திரமாக்க உறுதி பூண்டிருந்தார். பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட இப்படத்தில் அவருடைய நிறுவனமே தயாரிப்பில் இறங்கியது. செலவு கூடக் கூட அவருடைய பணமும் உள்ளே போனது. இயக்குநர் சிட்னி ஃபியூரி. பின்னணி இசை மிஷேல் லெக்ரான். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் இதை ஒரு வணிகக் கணக்கு என்று தள்ளிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் குரலைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பில்லி ஹாலிடேயின் குரல் பெரிய குரல் அன்று. அவருக்கு முன்னோடியான ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித், ஒலிபெருக்கி இல்லாமலேயே கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடக்கூடியவர். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த பில்லியோ மைக்ரோஃபோனுக்கு என்றே பிறந்த பாடகி. ஓங்கிப் பாடாமல், அருகில் அமர்ந்திருப்பவரிடம் பேசுவது போலப் பாடியவர். சுப்ரீம்ஸ் குழுவிலும் பெரிய குரல் ஃபுளோரன்ஸ் பல்லார்டுக்குத்தான் இருந்தது. பெரி கார்டி அவரை விட்டுவிட்டு, மெல்லிய, சற்று மூக்கொலி கலந்த ராஸின் குரலை முன்னிறுத்தியதற்குக் காரணம், வானொலிப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியில் அக்குரல் துலக்கமாகக் கேட்டது என்பதே. ஆகவே தோற்றத்தில் எவ்வளவு தொலைவில் இருந்தாலும், குரலின் இயல்பில் இவ்விருவரும் எதிரிகள் வாதிட்ட அளவுக்கு அந்நியர்கள் அல்லர். பெருங்குரல் படைத்த ஒரு சோல் பாடகியை அந்த வேடத்தில் போட்டிருந்தால், கைதட்டல் கூடியிருக்கும். பில்லி ஹாலிடே காணாமல் போயிருப்பார்.

படத்தின் பாடல்கள் அடங்கிய இரட்டை இசைத்தட்டு 1973இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. அதே காலத்தில் ராஸ் பதிவுசெய்த மற்றொரு ஜாஸ் தொகுப்பான ‘ப்ளூ’வை நிறுவனம் பெட்டியில் பூட்டிவைத்தது, 2006இல்தான் அது வெளியே வந்தது.

கேள்வி: படத்தில் வரும் வாழ்க்கைக் கதை எவ்வளவு உண்மை? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மிகக் குறைவு. இங்குதான் படத்தின் மேல் எனக்குத் தீராத மனக்குறை உண்டு.

முதலில் மூலநூலிலேயே சிக்கல் இருக்கிறது. படத்துக்குப் பெயர் தந்தது 1956இல் வில்லியம் டஃப்டி என்னும் பத்திரிகையாளரின் துணையோடு வெளிவந்த பில்லி ஹாலிடேயின் தன்வரலாறு. தம் பெற்றோர் மணம்புரிந்துகொண்டபோது தமக்கு மூன்று வயது என்று அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் சொல்கிறார். அவர்கள் மணம்புரியவே இல்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பால்டிமோரில் பிறந்ததாக நூல் சொல்கிறது. அவர் 1915 ஏப்ரல் 7 அன்று பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில். துயரம் மிகுந்த இளமையைத் தாமே திருத்தி எழுதிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று இதை நான் ஏற்றுக்கொள்வேன்.

படம் செய்த மாற்றங்களோ வேறு வகை. திரையில் லூயி மக்கே என்ற பாத்திரம், அழகும் கண்ணியமும் நிறைந்த நடிகர் பில்லி டீ வில்லியம்ஸின் உருவில் தொடக்கம் முதல் இறுதிவரை பில்லியைத் தாங்கிப் பிடிக்கும் காதலனாக வருகிறது. உண்மையான மக்கே 1950களில், பில்லியின் கடைசி ஆண்டுகளில் அவருடைய வாழ்க்கைக்குள் வந்தவர். 1957இல் அவரை மணந்தவர். அவரை அடித்தவர் என்றும் அவருடைய பணத்தைக் கையாடியவர் என்றும் பில்லியின் நண்பர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பில்லி இறக்கும்போது இருவரும் பிரிந்திருந்தார்கள். ஆனால் உயில் இல்லாததால் பில்லியின் சொத்துரிமை சட்டப்படி கணவருக்கே சென்றது. படம் எடுக்கப்பட்டபோது மக்கே உயிரோடு இருந்தார். அது மட்டுமன்று, படத்தின் ஆலோசகராகவும் பணியாற்றினார். திரையில் அவர் எப்படி உத்தமரானார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மக்கேக்கு முன்னிருந்த கணவர் ஜிம்மி மன்ரோ படத்தில் இல்லை. 17 வயதுப் பெண்ணாக ஹார்லெம் விடுதியில் பாடிக்கொண்டிருந்தவரைக் கண்டெடுத்து, 1933இல் முதல் இசைத்தட்டுக்கு வழிசெய்த தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பில்லிக்கு ‘லேடி டே’ என்று பெயர் சூட்டிய, அவரால் ‘பிரெஸ்’ (‘பிரசிடென்ட்’ என்பதன் சுருக்கம்) என்று அழைக்கப்பட்ட, அவருடைய குரலுக்கு இணையாகச் சாக்ஸபோனைப் பேசவைத்த லெஸ்டர் யங் இல்லை. பில்லி ஹாலிடேயின் கதையை லெஸ்டர் யங் இல்லாமல் சொல்வது, தேரை வடம் இல்லாமல் இழுக்கப் பார்ப்பது போன்றது. அந்த இடத்தில் ‘பியானோ மேன்’ என்ற கற்பனைப் பாத்திரத்தை வைத்தார்கள். அதை ஏற்ற நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் தம் திறமையால் சிறிய வேடத்தைப் பெரிதாக்கிக்கொண்டார் என்பது மட்டுமே ஆறுதல்.

‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடல் காட்சியும் அப்படியே. தெற்குப் பகுதிக்கு இசைக்குழுவோடு பேருந்தில் செல்லும்போது, மரத்தில் தூக்கிடப்பட்ட ஒரு கறுப்பின மனிதரின் உடலைப் பார்த்த அதிர்ச்சியிலிருந்து அந்தப் பாடல் பிறப்பதாகப் படம் காட்டுகிறது. அதை எழுதியவர் நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியின் பள்ளி ஆசிரியரான ஏபெல் மீரோபோல். முதலில் கவிதையாக 1937இல் வெளிவந்தது. 1939இல் ‘கஃபே சொசைட்டி’ என்ற விடுதியில் பில்லி அதைப் பாடத் தொடங்கினார். அவருடைய வழக்கமான நிறுவனமான கொலம்பியா பதிவுசெய்ய அஞ்சியதால் ‘கமடோர்’ என்ற சிறிய நிறுவனம் அதை இசைத்தட்டாக்கியது. ஓர் ஆசிரியரும், ஒரு விடுதியும், ஒரு சிறிய நிறுவனமும், ஒரு பாடகியும் ஒவ்வொருவராகத் துணிந்ததால் உருவான பாடலை ஒரே நொடியின் அதிர்ச்சியாகச் சுருக்கியதில் இழப்பு பெரிது.

படம் 1948 மார்ச் 27 அன்று நடந்த கார்னகி அரங்கக் கச்சேரியில் முடிகிறது. போதைப்பொருள் வழக்கில் மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறையில் இருந்து விடுதலையாகி இரண்டு வாரத்துக்குள் அவர் நிறைந்த அரங்கில் பாடினார் என்பது உண்மை. அதற்குப் பிறகான 11 ஆண்டுகளை, அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே திரையில் மிதந்துவரும் செய்தித்தாள் தலைப்புகளாகக் காட்டி முடித்துவிடுகிறார்கள். தண்டனை பெற்றவர் என்பதால் மது விற்கும் நியூயார்க் விடுதிகளில் பாடுவதற்கான உரிம அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. பிழைப்பின் வேரையே அறுத்த அந்த ஒரு செய்திக்கு மட்டும் ஒரு முழுப் படம் தேவைப்படும்.

கேள்வி: இவ்வளவு பேசப்பட்டும் டயானா ராஸுக்கு ஆஸ்கர் கிடைக்காதது ஏன்? (சேலம் வாசகர்)

பதில்: ‘கேபரே’ படத்துக்காக லைசா மினெல்லி அதைப் பெற்றார், அது தவறான தேர்வு என்று சொல்ல மாட்டேன். மொத்தம் ஐந்து பரிந்துரைகள் இருந்தும் படத்துக்கு ஒன்றும் கிட்டவில்லை. அந்த ஆண்டு ‘சவுண்டர்’ படத்துக்காக சிசிலி டைசனும் பட்டியலில் இருந்ததால், சிறந்த நடிகைக்கான பிரிவில் இரண்டு கறுப்பினப் பெண்கள் ஒரே ஆண்டில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. படத்தின் திரைக்கதையாசிரியர் மூவரில் ஒருவரான சூசன் டி பாஸ் மோட்டவுன் ஊழியர் என்பதையும், அவருடைய பெயரும் பரிந்துரையில் இருந்தது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: 2021இல் ஆண்ட்ரா டே நடித்த படத்தையும் பார்த்தேன். இருவரில் யார் சிறப்பாகச் செய்தார்? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இருவரும் ஒரே பெண்ணை நடிக்கவில்லை என்பதே என் விடை. விடையைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம், விளக்குகிறேன்.

1930களில் டெடி வில்சனின் பியானோவோடு பதிவான இசைத்தட்டுகளில் கேட்கும் பில்லி ஹாலிடே இளமையும் குறும்பும் கொண்டவர். மட்டமான பாடல் வரி கையில் கிடைத்தால்கூட அதைக் கண்சிமிட்டிப் பாடிக் கரையேற்றுபவர். 1958இல் ரே எல்லிஸின் வயலின் கூட்டத்துக்கு நடுவே ‘லேடி இன் சாட்டின்’ தொகுப்பில் பாடுபவரின் குரல் விரிசல் விட்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எங்கே விழ வேண்டும் என்பது அப்போதும் அவருக்குத் தெரிந்திருந்தது. டயானா ராஸ் பாடியது முதல் குரலை. படத்தில் ஆண்டுகள் கடந்தும், ஊசி தழும்பேறியும், சிறை சென்று மீண்டும் அந்தக் குரலுக்கு மட்டும் வயது ஏறுவதில்லை. அது படத்தின் குறை. ஆனாலும் சிறை அறையில் உடல் நடுங்க அவர் அலறும் காட்சியில் ஒப்பனையும் நட்சத்திரப் புன்னகையும் முற்றிலும் கழன்று விழுந்துவிடுகின்றன.

ஆண்ட்ரா டே எடுத்துக்கொண்டது இரண்டாவது குரலை. தம் மேடைப்பெயரையே ‘லேடி டே’யிடமிருந்து எடுத்துக்கொண்ட பாடகி அவர். லீ டேனியல்ஸ் இயக்கிய ‘த யுனைடெட் ஸ்டேட்ஸ் வெர்சஸ் பில்லி ஹாலிடே’ படத்துக்காக உடல் எடையைக் கடுமையாகக் குறைத்தார். குரல் கரகரக்க வேண்டும் என்பதற்காகப் புகைபிடிக்கவும் மது அருந்தவும் தொடங்கினார். இது அர்ப்பணிப்பு என்று புகழப்பட்டது. பாடகியின் தொண்டை அவருடைய மூலதனம் என்று எண்ணும் எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை; ஆனால் திரையில் விளைவு அபாரமானது என்பதை மறுக்க மாட்டேன். பாடும்போது மட்டுமல்லாமல் பேசும்போதும், சிரிக்கும்போதும், திட்டும்போதும் அந்தக் குரல் பில்லி ஹாலிடேயுடையதாக இருக்கிறது. நாடகப் படத்தின் சிறந்த நடிகைக்கான கோல்டன் குளோப் விருதை அவர் பெற்றார். ஆஸ்கர் பட்டியலிலும் இடம்பெற்றார்.

உண்மைக்கு இந்தப் படமும் முழுக்க உண்மையாக இல்லை. கூட்டாட்சி அரசின் போதைப்பொருள் தடுப்புப் பணியகத்தை 1930 முதல் 1962 வரை தலைமை தாங்கிய ஹாரி ஆன்ஸ்லிங்கர், ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை அடக்குவதற்காகவே பில்லியைத் துரத்தியதாகப் படம் சொல்வது சர்ச்சைக்குரியது. அவரை உளவு பார்த்த முகவர் ஜிம்மி ஃபிளெட்சர் பின்னாளில் அதற்காக வருந்தினார் என்று தெரிகிறது. அதை ஒரு முழுக் காதல் கதையாக வளர்த்தது திரையின் கைவேலை. ஆனால் மக்கே இதில் உத்தமர் அல்லர். முதல் படம் எந்த இடத்தில் நிறுத்தியதோ, ஏறக்குறைய அந்த இடத்தில் இது தொடங்குகிறது. மருத்துவமனைக் கட்டிலிலேயே கைது செய்யப்பட்டு, அறை வாயிலில் காவலர் நிற்க, 1959 ஜூலை 17 அன்று தம் 44ஆம் வயதில் அவர் இறந்ததுவரை போகிறது. எனவே ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் மற்றதையும் பார்க்கலாம்.

கேள்வி: அமெரிக்கப் பாடகி நீனா சிமோன் வேடத்துக்கும் ஒரு பாடகியைத்தான் முதலில் பேசினார்களாமே? (ஈரோட்டு வாசகர்)

பதில்: ஆம். மேரி ஜே. பிளைஜ் அந்த வேடத்துக்கு முதலில் அறிவிக்கப்பட்டவர். பின்னர் அது நடிகை ஸோயி சல்டானாவிடம் சென்று, 2016இல் ‘நீனா’ என்ற பெயரில் வெளிவந்தது. பாடல்களை சல்டானாவே பாடினார். சிக்கல் அதில் இல்லை. தம் கருத்த நிறத்துக்காகவும் அகன்ற மூக்குக்காகவும் ஒதுக்கப்பட்ட வலியையே பெருமிதமாக மாற்றிக்கொண்ட ஒரு கலைஞரைக் காட்டுவதற்கு, வெளிர்நிற நடிகையின் முகத்தில் கருஞ்சாயம் பூசிச் செயற்கை மூக்கைப் பொருத்தினார்கள். சல்டானா 2020இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இதில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: வேறொருவர் நடித்துப் பார்ப்பது இருக்கட்டும். பில்லி ஹாலிடேயையே திரையில் பார்க்க வழி உண்டா? (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு, கொஞ்சமாக. டியூக் எலிங்டனின் ‘சிம்ஃபனி இன் பிளாக்’ என்ற 1935ஆம் ஆண்டுக் குறும்படத்தில் ஏறக்குறைய 20 வயதான பில்லி சில நிமிடம் தோன்றிப் பாடுகிறார். 1947இல் வந்த ‘நியூ ஆர்லியன்ஸ்’ முழுநீளப் படத்தில் ஆம்ஸ்ட்ராங்கோடு நடித்தார். அவருக்குக் கிடைத்தது வேலைக்காரி வேடம். அப்போது நாடறிந்த பாடகியாக இருந்த அவர் அந்தக் கசப்பைத் தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

ஒன்றை மட்டுமே பார்க்க நேரம் இருக்குமானால், 1957 டிசம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி நேரலையாக ஒளிபரப்பிய ‘த சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள். அதில் அவரே எழுதிய ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ பாடலை, உயர்ந்த முக்காலி ஒன்றில் அமர்ந்து பாடுகிறார். சுற்றிலும் கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ் போன்றவர்கள். உடல்நலம் குன்றியிருந்த லெஸ்டர் யங்கின் முறை வந்ததும் அவர் எழுந்து, பன்னிரண்டே தாள அளவுகள், ஒரு சுற்று மட்டும், அதிகமாக எதுவும் செய்யாமல் வாசிக்கிறார். கேமரா அப்போது பில்லியின் முகத்தில் நிற்கிறது. உதட்டில் மெல்லிய புன்னகையோடு, ஒவ்வொரு சுரத்துக்கும் ஆமாம், ஆமாம் என்பது போலத் தலையசைத்துக்கொண்டிருக்கிறார். லெஸ்டர் 1959 மார்ச்சில் இறந்தார். பில்லி அந்த ஜூலையில்.